கையை எடுங்க, டீச்சர்

வீல் பேலன்சிங் கடைக்காரரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்து டெலஸ்கோப்புக்கு முன்னால் நிறுத்திய பிசிக்ஸ் டீச்சர் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. கூட்டி வராமலே இருந்திருக்கலாம் என்று நினைக்காத நாள் இல்லை.

எங்கள் பள்ளி கூட்டேரிப்பட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நான் விழுப்புரத்தில் பஸ் ஏறி, கூட்டேரிப்பட்டில் இறங்கி, டவுன் பஸ் மாறிப் போக வேண்டும். அந்த டவுன் பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? நான் காத்துக்கொண்டு நிற்கிற இடத்துக்கு எதிரில்தான் அவர் கடை. தகரக் கூரை, ஒரு ஜாக்கி, காரின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிச் சுழற்றிப் பார்க்கிற பழைய மெஷின் ஒன்று. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. ஒண்டியாகவே எல்லாம் செய்வார்.

சக்கரம் சுற்றும்போது எந்தப் பக்கம் கனம் என்று மெஷின் காட்டும். அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்ன ஈயத் துண்டைத் தட்டிப் பொருத்துவார். தொழில் அவ்வளவுதான். ஆனால் அந்த மனுஷனுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் முதலில் கண் போகும். என்னிடம் பேசிய முதல் பேச்சே அதுதான்.

"டீச்சர், பைய எப்பவும் அந்தத் தோள்லயே மாட்டாதீங்க. ஒரு பக்கமா சாஞ்சிக்கினு நடக்குறீங்க. பின்னாடி இடுப்பு புடிச்சிக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முன்பின் தெரியாத ஆம்பளை என் நடையைக் கவனிப்பானேன்? "உங்க வேலையப் பாருங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன்.

"அதான் டீச்சர் என் வேலையே" என்றார்.

மறுநாள் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்க்காததுபோல் சக்கரத்தின் மேல் குனிந்துகொண்டார்.

இன்னொரு நாள் பஸ் வராமல் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். அவரும் மயிலம் பக்கம் போக ஏறியிருந்தார். டிரைவர் ஆட்களைத் திணித்துக்கொண்டிருக்க, இவர் கீழே இறங்கி ஆட்டோவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க இந்தப் பக்கம் வாங்க. அந்தப் பெரியவரு அங்க போவட்டும்" என்று ஆளாளுக்கு இடம் மாற்ற ஆரம்பித்தார். பருமனான ஓர் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யோவ், என்னை இன்னா மூட்டைன்னு நெனச்சிக்கினியா?" என்று பிடித்துக்கொண்டாள். "உங்கள ஒண்ணும் சொல்லலம்மா, வண்டியத்தான் சொல்றேன்" என்று இவர் அசையாமல் நின்றார். கடைசியில் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே மாறி உட்கார்ந்தோம்.

எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து ஒரு டெலஸ்கோப் அனுப்பியிருந்தாள். பெரிய குழாய், முக்காலி, அதன் மேல் சாய்வாக ஓர் இரும்புத் தலை. அந்தத் தலையைத் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கும்படி சாய்த்து வைத்துவிட்டால், வானத்தில் நட்சத்திரம் நகர நகர ஒரே ஒரு திருகைத் திருப்பிக் குழாயையும் கூடவே நகர்த்தலாம். தலைக்கு ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியில் இரும்பு வெயிட்டு. இரண்டும் சமமாக நிற்க வேண்டும். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாலு முறை முயன்றேன். நாலு முறையும் குழாய் தலைகுப்புறக் கவிழ்ந்தது. ஒருமுறை என் நெற்றியைப் பதம் பார்த்தது. அப்போதுதான் இவர் ஞாபகம் வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கால் மணி நேரம் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது தராசு இல்ல டீச்சர். தராசுல ஒரு கீலு. இதுல ரெண்டு கீலு இருக்குது. ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும்" என்றார். மாட்டும்போது வெயிட்டு முதலில், குழாய் பிறகு. கழற்றும்போது குழாய் முதலில், வெயிட்டு கடைசி. "மாத்திச் செஞ்சா மூஞ்சியப் பேத்துடும்" என்று என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வெயிட்டை மாட்டி, குழாயை மாட்டி, திருகைத் தளர்த்தினார். நான் குழாய்க்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "நிக்குதுண்ணே" என்றேன்.

"கையை எடுங்க, டீச்சர்."

"வுழுந்துடும்ண்ணே."

"வுழட்டும். எந்தப் பக்கம் வுழுதுன்னு தெரிஞ்சாத்தான வெயிட்ட எந்தப் பக்கம் நகத்துறதுன்னு தெரியும்? நீங்க தாங்கிக்கினு நிக்குதுன்னு சொன்னா, அது எங்க நிக்குது? கையை எடுங்க."

எடுத்தேன். குழாய் சரிந்தது. சரிந்த குழாயை அவர் ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு, வெயிட்டை இரண்டு விரல் கடை வெளியே தள்ளினார். மறுபடியும் விட்டார். இந்த முறை வெயிட்டு இறங்கியது. மறுபடி உள்ளே. ஏழெட்டு முறை இப்படி. கடைசியில் விட்டபோது குழாய் விட்ட இடத்திலேயே நின்றது. ஒரு சின்னப் பெண் கைதட்டினால் எப்படித் தட்டுவாளோ அப்படி நான் தட்டினேன். நாற்பத்தொரு வயசு எனக்கு.

இன்னொரு தகராறும் இருந்தது. முக்காலியின் ஒரு காலை நேர் வடக்கே வைக்கச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருந்தது. அப்படி வைத்தால் வெயிட்டு கீழே இறங்கும்போது அந்தக் காலில் டங்கென்று இடித்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். குளிர் தேசத்தில் துருவ நட்சத்திரம் உயரத்தில் இருக்கும். நம் பக்கத்தில் அது பனைமரத்து இடுப்பளவுகூட உயராது. அதற்காகத் தலையைப் படுக்கிற மாதிரி சாய்க்கிறோம், வெயிட்டு காலுக்கு மேலே வந்துவிடுகிறது. காரணம் தெரிந்த எனக்கு வழி தெரியவில்லை. அவர் முக்காலியைத் தூக்கி அரைச் சுற்று திருப்பி வைத்தார். "ஒரு காலு வடக்கே இருந்தாத்தான இடிக்குது? ரெண்டு காலு இருக்கட்டும். நடுவுல பூந்து போவட்டும்."

பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, வெயிட்டு நிற்கிற இடத்தில் கம்பியில் ஒரு கோடு, குழாய் நிற்கிற இடத்தில் ஒரு கோடு போட்டார். அது அவர் கடைப் பழக்கம். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது நட்டுகளை முதலில் கையால் திருகுவார். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிய பிறகு நீள ஸ்பேனரால் ஒவ்வொன்றாக இறுக்குவார். இறுக்கிய நட்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு. "கோடு இருந்தா முடிஞ்சிது. கோடு இல்லன்னா நான் இன்னும் முடிக்கலன்னு அர்த்தம்" என்பார். சாக்பீஸ் சப்ளை நான்தான். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைத் தூக்கிக் கொடுக்கிறேன் என்று ஹெச்.எம். குத்திக்காட்டுவார். அவர் அறையில் தடதடவென்று ஆடிய மின்விசிறியின் இறக்கையில் இவர் ஓர் ஈயத் துண்டை ஒட்டி ஆட்டத்தை நிறுத்திக் கொடுத்த பிறகு ஹெச்.எம். வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. இனிச் சொல்லப்போவது அந்தத் தை மாதத்து வெள்ளிக்கிழமை.

அன்று சாயங்காலம் மாணவிகளின் அப்பா அம்மாவுக்கு நிலாவைக் காட்டுவதாக ஏற்பாடு. விழுப்புரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியரும் வருவதாக இருந்தார். பெரிய மனுஷர் வருகிறாரே, எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி இருக்கட்டும் என்று முக்காலியை நானே திருப்பி ஒரு காலை வடக்கே வைத்தேன். வெயிட்டு காலில் இடித்தது. இடிக்காமலிருக்க வெயிட்டைக் கம்பியில் மேலே ஏற்றினேன். குழாய் கவிழ்ந்தது. மணி ஐந்து. ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்குப் போனைப் போட்டேன்.

"ஒரு வண்டி ஜாக்கில நிக்குது டீச்சர். முடிச்சிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"வண்டி தெனமும்தான் வருது. பத்து நிமிஷத்துல நீங்க வரலைன்னா இனிமே இந்தப் பக்கமே தலையக் காட்டாதீங்க. இங்க என் மானம் போவுது!"

"கோவப்படாதீங்க. ஜல்தியா வர்றேன்" என்றார்.

வந்துவிட்டார். கிரீஸ் கையைக்கூடத் துடைக்கவில்லை. முக்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலத் திருப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். திருப்பி வைத்தார், வெயிட்டைப் பழைய கோட்டுக்கு இறக்கினார், திருகைத் தளர்த்திக் கையை எடுத்தார். நின்றது. இரண்டு நிமிஷ வேலை. பழைய கோடு மங்கியிருந்ததால் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துப் புதிதாக ஒரு கோடு போட்டார். அன்று காலையில் பஸ் மாறும்போது நான் கொடுத்த சாக்பீஸ். பழையது தீர்ந்துபோனது என்று கேட்டார், ஒன்றே ஒன்று கொடுத்தேன். எடுத்தபோது அது முழுசாக, முனை கொஞ்சமும் தேயாமல் இருந்தது. பார்த்தேன். பார்த்ததில் அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பேராசிரியரை வரவேற்க ஓடினேன்.

அவர் ஜாக்கியிலிருந்து இறக்கிவிட்டு வந்த கார், அன்றைக்கே திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடுச்சுவரில் மோதிக் கவிழ்ந்தது. மயிலம் கோவிலுக்கு வந்துவிட்டுத் திரும்பிய ஒரு தாயும் மகளும் செத்துப்போனார்கள். மகளுக்கு ஒன்பது வயசு. வாடகைக் கார் டிரைவர் கால் உடைந்து பிழைத்தான். முன்பக்கத்து இடது சக்கரம் மல்லாட்டைக் கொல்லைக்குள், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே கிடந்தது. அதன் நட்டு ஒன்றைக்கூடக் காணவில்லை. சக்கரம் முதலில் கழன்றது, அப்புறம்தான் வண்டி இழுத்தது என்று டிரைவர் சொன்னான். யார் கேட்டார்கள்? வேகமாக வந்து மோதினான், மோதியதில் சக்கரம் பிய்த்துக்கொண்டது என்று அவன் மேல் கேஸ் எழுதினார்கள். கடைக்கும் வந்து விசாரித்தார்கள். "டைட் பண்ணித்தான் அனுப்புனேன்" என்றார் இவர். எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. பதினைந்து வருஷத்தில் ஒரு நட்டை இறுக்காமல் விட்டதில்லை. அதனால் அன்றைக்கும் இறுக்கியிருப்போம் என்றே நம்பினார். ஒரு வாரம் கழித்து, பஸ்ஸுக்கு நின்றிருந்த என்னிடம் வந்தார்.

"டீச்சர், நேத்து காலைல வீட்டப் பூட்டுனீங்களா?"

"பூட்டினேன்."

"பூட்டுனது ஞாபகம் இருக்குதா, இல்ல தெனமும் பூட்றதால சொல்றீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் அவர் திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த மனுஷன் ரோட்டோரமாகக் குனிந்துகொண்டே நடக்க ஆரம்பித்தார். விடிந்ததும் கடையிலிருந்து கிளம்பி, விபத்து நடந்த இடம்வரை போய், எதிர்ப்பக்கமாகத் திரும்பி வருவார். டவுன் பஸ் ஜன்னலிலிருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். நட்டு தேடுகிறார். கோடு போட்ட நட்டு ஒன்று கிடைத்தால் போதும். மழையில் சாக்பீஸ் நிற்குமா என்று நான் கேட்கவில்லை, அவருக்கா தெரியாது? ஓர் ஆயில் டின் நிறைய நட்டு சேர்த்துவிட்டார். லாரி நட்டு, டிராக்டர் நட்டு, எல்லாம் இருந்தது. அந்தக் காருடையது ஒன்றுகூட இல்லை. கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. "பைத்தியம் புடிச்சிடுச்சி டீச்சர், நீங்க சொன்னா கேப்பாரு, கொஞ்சம் சொல்லுங்க" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அவரை விரட்டிக் கூப்பிட்ட நானா சொல்வேன்?

இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் தானாகவே பள்ளிக்கு வந்தார். டெலஸ்கோப்பைப் பார்க்க வேண்டும் என்றார். லேப்பைத் திறந்துவிட்டேன். வெயிட்டு முதலில், குழாய் பிறகு, எல்லாம் அதே வரிசையில். ஆள் பாதியாக இளைத்திருந்தார். குழாயைச் சமமாக நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வர்ற மாசம் தீர்ப்பாம் டீச்சர். அந்த டிரைவர் புள்ள ஜெயிலுக்குப் போவப்போறான். நான் இறுக்காம வுட்டிருந்தா அவன் மேல ஒரு தப்பும் இல்ல. அன்னிக்கு பேலன்சிங்குன்னு வந்ததே அந்த ஒரு வண்டிதான். இங்க வந்து இந்தக் கம்பில கோடு போட்டேனே, அப்ப நீங்க பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தீங்க. சாக்பீசு முனை தேஞ்சிருந்துச்சா? எனக்கு ஞாபகம் வரல. உங்களுக்கு இருக்கும்."

அந்தச் சாக்பீஸ் என் கண் முன்னால் அப்படியே நின்றது. புத்தம் புதுசு. சொன்னால் இவர் நேரே போலீசுக்குப் போவார். வேலையைப் பாதியில் விட்டு ஏன் போனாய் என்று கேட்பார்கள். டீச்சர் கூப்பிட்டாங்க என்பார். எதுக்குக் கூப்பிட்டே என்று என்னைக் கேட்பார்கள். ஒரு முக்காலியைத் திருப்பி வைக்க. பேப்பரில் போடுவார்கள். இவரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை.

"தேஞ்சிதாண்ணே இருந்துச்சி" என்றேன். "நல்லா ஞாபகம் இருக்குது. நீங்க கோடு போட்டுட்டுத்தான் வந்திருக்கீங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் டெலஸ்கோப்புக்கு நாலு அடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"கையை எடுங்க, டீச்சர்" என்றார்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு குழாயைக் கழற்றினார், வெயிட்டைக் கழற்றினார், பெட்டியில் வைத்து மூடினார். "வர்றேன்" என்றார். அதற்கப்புறம் பள்ளிக்கு வரவே இல்லை.

திண்டிவனம் கோர்ட்டுக்குப் போய் அந்த டிரைவரின் வக்கீலைப் பார்த்திருக்கிறார். நான்தான் இறுக்காமல் விட்டேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். "முன்னாடி வேற மாதிரி சொல்லியிருக்கியே? இப்ப யாராச்சும் பாத்த சாட்சி இருக்குதா?" என்று வக்கீல் கேட்டாராம். "யாரும் பாக்கல" என்று சொன்னாராம். கூடப் போன அவர் மனைவி இதை என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. டிரைவருக்குத் தண்டனை ஆயிற்று. லைசென்சும் போயிற்று. நான் அந்த மாதத்திலிருந்து பஸ் மாறுகிற இடத்தை மாற்றிக்கொண்டேன். கொஞ்சம் சுற்று, பரவாயில்லை என்று போனேன்.

அதற்கும் மூன்று வருஷம் கழித்து, போன ஐப்பசியில் ரோட்டோரம் நடந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். விழுப்புரத்துக்குக் கொண்டு போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. மாலை வாங்கிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். தரை மேடு பள்ளமாக இருந்ததால் பெட்டி கால்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இவ்வளவு ஜனத்தில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. எனக்கு அழுகை அடக்க முடியாமல் வந்தது.

காலைச் சாய்த்து நடந்து வந்த ஒருவன் பெட்டியின் மேல் மாலை வைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும். "நீங்கதான் டெலஸ்கோப் டீச்சரா? அண்ணன் உங்களப் பத்தி சொல்லுவாரு" என்றான். அந்த டிரைவர். உள்ளே இருந்துவிட்டு வந்து திண்டிவனத்தில் ஒரு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறானாம். அந்தக் காலோடு மூட்டை தூக்க முடியாது.

"மாசாமாசம் வீட்டுக்கு வந்து என் கால்ல வுழுவாரு டீச்சர். தப்பு என்னுதுதான்னு அழுவாரு. பாவம், மனசு பேதலிச்சிப் போச்சி. மொதல்ல நானும் சக்கரம்தான் கழண்டிச்சின்னு சொல்லிக்கினு இருந்தேன். எல்லாரும் வேகம் வேகம்னு சொல்லிச் சொல்லி, யோசிச்சிப் பாத்தா வேகமாத்தான் போயிருப்பேன் போல. அந்தப் பாப்பா தெனமும் கனவுல வருது. நான்தான கொன்னேன்."

பெட்டிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்கும். கேட்கட்டும் என்று நினைத்தேன்.

"நீ கொல்லலப்பா" என்றேன். தை மாதம், போன், முக்காலி, சாக்பீஸ், அவர் கேட்டது, நான் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அழுகை நின்றுபோய் வகுப்பில் பாடம் நடத்துகிற குரல்தான் வந்தது. அவர் மனைவி வாயில் புடவைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கத்துவான், கையை ஓங்குவான் என்று எதிர்பார்த்தேன். குனிந்து உடைந்த காலைத் தேய்த்துக்கொண்டான்.

"இத்தினி வருஷமா எங்க இருந்தீங்க, டீச்சர்?" என்று கேட்டான்.

இங்கேதான், ஆறு கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்று சொன்னேன்.